அலகில் புழுவோடு காத்திருக்கும் பறவை

கேமராவும் கையுமாக ஏரிக்கரைகளுக்கும் காட்டோரங்களுக்கும் வரும் பறவைப் படக்காரர்களுக்கு,



பங்குனி பிறந்து ஏரிகளில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கிவிட்டது. வெடித்த மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் ஓரங்களில் ஆட்காட்டிகள் முட்டையிடும் நாட்கள் இவை. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே நாட்களில்தான் ஒரு குறுகுறுப்பு தொடங்கும். “நெஸ்ட் ஒன்னு கெடச்சிருக்கு. லொக்கேஷன் உங்களுக்கு மட்டும் அனுப்புறேன், யாருக்கும் சொல்லாதீங்க” என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவார். அந்த இன்னொருவருக்கும் உயிர் நண்பர் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தால், யாருக்கும் தெரியாத அந்த இடத்தில் வரிசையாக டிரைபாடுகள் நின்றுகொண்டிருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேமராவைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். பள்ளிக்கரணையைக் குப்பைமேடு என்று மட்டுமே அறிந்திருந்த பல சென்னைக்காரர்களுக்கு, அங்கே பூநாரை வந்து நிற்கிறது என்று காட்டியவை உங்களைப் போன்றவர்கள் எடுத்த படங்கள்தான். மா. கிருஷ்ணன் தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயர் வைத்து, அதைக் காடு காடாகச் சுமந்து கருப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பார்த்துக் காட்டுக்குள் போனவர்கள் இருக்கிறார்கள். படம் எடுங்கள். என் பேச்சு கூட்டைப் பற்றி மட்டும்.

உங்களில் அநேகமாக எல்லோரிடமும் இருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். சாய்ந்த குச்சி ஒன்றில் ஒரு பறவை. பின்னணி முழுக்கக் கலங்கிய பச்சை. அலகில் நெளியும் புழு. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். கீழே ‘தாய்மை’ என்றோ ‘பசித்த வாய்களுக்கு’ என்றோ ஒரு தலைப்பு. பறவை தையல்சிட்டாக இருக்கலாம், கதிர்க்குருவியாக இருக்கலாம், பஞ்சுருட்டானாகவும் இருக்கலாம். அழகான படம்தான். அந்தக் காலை நேரத்துக் கோப்புகளைத் திறந்து, முதல் ஃபிரேம் எத்தனை மணிக்கு, கடைசி ஃபிரேம் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். அதே குச்சி, அதே புழு, இடையில் ஐந்து நிமிடமோ ஏழு நிமிடமோ ஓடியிருக்கும்.

குஞ்சு பொரித்த தையல்சிட்டுக்கு ஏழு நிமிடம் சும்மா உட்கார நேரம் ஏது? தொந்தரவில்லாத கூட்டுக்கு அது வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துச் செடியில் ஒரு தத்து, இலையோரத்தில் இன்னொரு தத்து, தைத்த இலைக்குள் தலை போகும், வெளியே வரும். வரும்போது அலகில் குஞ்சின் எச்சம் ஒரு வெள்ளைப் பொட்டலமாக இருக்கும். அதைக் கூட்டிலிருந்து தள்ளிக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அடுத்த புழுவைத் தேடப் போய்விடும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். கூடு இருக்கும் இடத்தை ஊருக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதே அந்த வேகத்தின் காரணம். அப்படிப்பட்ட பறவை, அலகில் இரையை வைத்துக்கொண்டு குச்சியில் உட்கார்ந்து, வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டி, தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, இடைவிடாமல் ‘டிச் டிச்’ என்று கத்திக்கொண்டிருக்கிறது என்றால் அது கூட்டுக்குள் போக அஞ்சி நிற்கிறது. நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று பார்க்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, புழுவைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோவதும் உண்டு. அந்தப் படத்தில் பறவையின் குடும்ப வாழ்க்கை எதுவும் பதியவில்லை. பதிந்திருப்பது உங்கள் வருகை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கூட்டருகே நாம் ‘பிஹேவியர் ஷாட்’ என்று கொண்டாடும் படங்களில் பெரும்பகுதி, பறவை நம்மைப் பார்த்துச் செய்கிற காரியம். நாம் இல்லாவிட்டால் நடந்திருக்காது.

ஆட்காட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைமேல் கருவேல மரத்தடியில், பைனாகுலரோடு, எதிர்க்கரையில் இருக்கும் கூட்டைப் பார்த்தபடி ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் தெரியும் என்று சொல்கிறேன். கூடு என்று சொல்லக்கூட அங்கே ஒன்றுமில்லை. மண்ணில் லேசான குழி, சுற்றிலும் பொறுக்கி வைத்த சிறு கற்கள், ஆட்டுப் புழுக்கை. நடுவே நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்திருக்கும். வெயில் ஏற ஏற உட்கார்ந்திருக்கும் பறவை லேசாக எழுந்து, சிறகைத் தளர்த்தி, முட்டைகளுக்கு மேல் நிழலாக நிற்கும். அலகு திறந்து தொண்டை துடிக்கும். பிறகு அதன் ஜோடி தண்ணீர் ஓரத்துக்கு நடந்துபோய், கால்களை மடக்கி, வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வரும். நனைந்த வயிற்றோடு வந்து முட்டைகளின் மேல் உட்காரும். மற்றது எழுந்து போகும். முறை மாற்றி முறை, ஏறத்தாழ நான்கு வாரம் இப்படியே நடக்கும்.

எதற்காக இவ்வளவு பாடு? முட்டைக்குள் இருக்கும் கரு வளர 37, 38 டிகிரி வெப்பம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் வளர்ச்சி தாமதமாகும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டி ஏறினால் தாங்காது. சித்திரை வெயிலில் ஏரி மண்ணில் நம்மால் வெறுங்காலோடு நிற்க முடிகிறதா? நம் ஊர்க் கோடையில் அடைகாப்பது என்பது பாதி நேரம் முட்டையைக் குளிர்வித்துக் காப்பாற்றும் வேலை.

இப்போது நீங்கள் வருகிறீர்கள். உங்கள் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அது கூட்டை விட்டு இறங்கி, குனிந்து, சத்தமில்லாமல் தூரமாக ஓடிப்போய், அங்கிருந்து எழும்பிக் கத்தும். பிறகு தலைக்கு மேல் வட்டமிட்டு, சிறகை விரித்து உங்களை நோக்கிப் பாயும். சிவந்த கண் வளையம், திறந்த வாய், கருப்பும் வெள்ளையுமாக விரிந்த சிறகு. உங்கள் கேமரா நொடிக்கு இருபது படம் சுடும். ‘ஆக்‌ஷன்’ அருமையாக வரும். தலைக்கு மேல் கத்துகிற பறவை முட்டைமேல் இல்லை என்பது மட்டும் வ்யூஃபைண்டரில் தெரியாது. அதன் ஜோடியும் பக்கத்தில்தான் கத்திக்கொண்டிருக்கும். நான்கு முட்டைகளும் வெட்டவெளியில் கிடக்கும்.

பொரித்த பிறகு சங்கடம் வேறு மாதிரி. குஞ்சுகள் பொரித்த அன்றோ மறுநாளோ கூட்டை விட்டு நடந்துவிடும். தாய் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும். “கூட்டில் ஒண்ணும் இல்லப்பா, குஞ்சு எங்கயோ போயிருக்கு, தேடுங்க” என்று நாலு பேர் பூட்ஸ் காலோடு அந்தத் தரையில் நடப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

உப்புக்கொத்திகள் இன்னும் ஒரு படி மேலே போய் நாடகமே போடும். சிறகு ஒடிந்ததுபோல் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, தரையில் புரண்டு புரண்டு உங்களைக் கூட்டிலிருந்து விலக்கிக் கூட்டிப்போகும். நரியையும் கீரியையும் ஏமாற்ற அது வைத்திருக்கும் வித்தை. நரி கொஞ்ச தூரம் போய் ஏமாந்து வேறு வேலையைப் பார்க்கும். நாமோ, ‘இன்னொரு தடவை செய்யட்டும், இந்தத் தடவை சிறகு வெட்டுப்பட்டுவிட்டது’ என்று திரும்பக் கூட்டுப்பக்கம் நடக்கிறோம். நரிகூட இந்த வேலையைச் செய்யாது.

பிரிட்டனில் எரிக் ஹாஸ்கிங் என்று ஒரு பறவைப் படக்காரர் இருந்தார். அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1937-ல் கூட்டருகே கட்டியிருந்த மறைவிடத்துக்கு இருட்டில் ஏறும்போது, தாய் ஆந்தை முகத்தில் அறைந்து ஒரு கண்ணே போய்விட்டது. பிற்பாடு தன் வரலாற்று நூலுக்கு அந்தக் கண்ணை வைத்தே பெயர் சூட்டினார். மனம் தளராத மனிதர் என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், நியாயம்தான். ஆந்தையின் கோணத்திலிருந்து யாரும் சொன்னதில்லை.

“என்னைப் பார்த்து அது பறக்கவே இல்லையே, அமைதியாக உட்கார்ந்திருந்ததே” என்று சிலர் சொல்வீர்கள். இந்த வாதத்துக்கு ஒரு பதில் பென்குவின்களிடமிருந்து வந்திருக்கிறது. அடைகாக்கும் பென்குவின்களின் இதயத்துடிப்பை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். வெளியே எந்த அசைவும் காட்டாமல் உட்கார்ந்திருந்த பறவைகளுக்கும், மனிதர் நெருங்கியபோது துடிப்பு ஏறியிருந்தது. பக்கி போன்ற பறவைகள் தங்கள் மாறுவேடத்தையே நம்பி இருப்பவை. காலடி வந்து நிற்கும்வரை அசையாது. அதை நிம்மதி என்று நாம் எடுத்துக்கொண்டால் நம் வசதிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

இலை வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் மன்னியுங்கள். அரசவால் ஈப்பிடிப்பானின் கூடு சிலந்தி நூலால் பிணைத்த சின்னக் கிண்ணம். கிளைக் கவட்டில் இருக்கும். வெள்ளை ஆண் பறவையும் முறை வைத்து அடைகாக்கும். அப்போது அந்த நீள வால் கிண்ணத்துக்கு வெளியே வழிந்து தொங்கும். அது ஒரு காட்சி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கு மேலே ஓர் இலைக்கொத்து, பக்கவாட்டில் ஒரு கிளை இருக்கும். பறவை அந்த இடத்தைத் தேர்ந்ததே அதற்காகத்தான். உச்சிவெயிலை அந்த இலை தடுக்கிறது, மழையைத் தடுக்கிறது, காகத்தின் கண்ணைத் தடுக்கிறது. லென்ஸையும் தடுப்பதால் அதை ஒடிக்கிறார்கள். சிலர் ‘நாங்க வெட்டல, கயிறு போட்டு விலக்கிக் கட்டினோம், போகும்போது அவிழ்த்துட்டோம்’ என்பார்கள். அவிழ்ப்பதற்குள் காகமோ வால்காக்கையோ ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அது மறந்துபோகிற ஜாதி இல்லை. நாம் எங்கே நின்று எதைப் பார்க்கிறோம் என்று கவனித்து வருகிற ஜாதி அது.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. மனிதர் கை பட்டால் அந்த வாடைக்குத் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்று. அதில் உண்மை பெரிதாக இல்லை. நம் தோட்டத்துப் பறவைகளில் பெரும்பாலானவை வாடை பிடித்துக் குஞ்சைக் கைவிடுவதில்லை. தரையில் விழுந்த குஞ்சைப் பக்கத்துக் கிளையில் எடுத்து வைத்தால் தாய் வந்து ஊட்டும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டவர்கள் ‘அப்போ தொட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்று வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கெடுதல் வருவது வேறு வழிகளில். கூடு கட்டும்போதும் முதல் முட்டைகள் இடும்போதும் தொந்தரவு வந்தால் பறவை அந்தக் கூட்டையே கைவிட்டுவிட்டு வேறிடம் போய்விடும். அதுவரை போட்ட முதல் குறைவு, விட்டுப்போவதில் நஷ்டமும் குறைவு. குஞ்சு வளர்ந்தபின் தாய் லேசில் விட்டுப்போகாது. அப்போது ஆபத்து குஞ்சுக்கு. இறக்கை முழுதாக முளைக்காத குஞ்சுகள் பயத்தில் கூட்டிலிருந்து குதித்துவிடும். திரும்ப ஏறத் தெரியாது. ‘குட்டிப் பறவை முதல் முறை பறந்தது, நான் நேரில் பார்த்தேன்’ என்று பெருமையாகப் போட்ட படங்களில் சில இந்த வகை என்று எனக்குச் சந்தேகம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மிரட்ட அல்ல. 1972-ம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் வருகிறது. துப்பாக்கி தேவையில்லை. பிரிட்டனில் 1981-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் உள்ள பறவைகளின் கூட்டருகே தொந்தரவு தரும்படி படம் எடுக்க உரிமம் வாங்கவேண்டும். அந்தப் பட்டியலில் கழுகுகள் மட்டுமில்லை, நம் வாய்க்கால் ஓரத்தில் உட்காரும் சிறு மீன்கொத்தியும், நம் கோயில் கோபுரங்களில் குடியிருக்கும் கூகையும் இருக்கின்றன. இந்தியாவிலும் இயற்கைப் படப் போட்டிகளில் சில, கூட்டில் எடுத்த படங்களை இப்போது வாங்குவதே இல்லை. பரிசுக்காக எடுப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து ஆட்கள் கூட்டருகே எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். இன்றைய லென்ஸ் அன்று இல்லாததால் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பிரிட்டனின் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-ல் கூட்டையும் முட்டைகளையும் படம் எடுத்தார்கள். பிறகு உள்ளே கூடாகச் செய்த ஒரு மாட்டுப் பொம்மைக்குள் ஒருவர் நின்றுகொண்டு பறவைகளை நெருங்கினார்கள். மாட்டுக்குப் பறவை பயப்படாது என்ற கணக்கு. அடுத்து வந்தவர்கள் துணிக்கூடாரத்தைத் தூரத்தில் நட்டு, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, பறவை பழகிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து முன்னேறினார்கள். உள்ளே இரண்டு பேர் நுழைந்து ஒருவர் வெளியேறிப் போவார். பறவைக்கு எண்ணத் தெரியாததால் ஆள் போய்விட்டது என்று நம்பி வேலையைத் தொடரும். அந்த வேலையில் பாதி, பறவைக்குத் தாங்கள் தெரியாமல் இருப்பதிலேயே போனது. இன்று நம் கையில் 600 எம்எம் லென்ஸ், சத்தமில்லாத ஷட்டர், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் எல்லாம் இருக்கின்றன. தூரமாக நிற்பதற்கென்றே செய்த கருவியை வாங்கிக்கொண்டு கிட்டே போய் நிற்கிறோம். ‘ஃபிரேம் நிறையணும்’ என்ற ஓர் ஆசை படுத்தும் பாடு இது.

கூட்டம் இன்னொரு புதுமை. அவர்கள் காலத்தில் ஒரு கூட்டுக்கு ஒரு படக்காரர். இப்போது ஒவ்வொருவரும் “நான் கால்மணி நேரம்தான் நின்னேன்” என்கிறோம். பொய்யும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை கால்மணி நேரங்கள் வரிசையில் வந்துகொண்டிருந்தால் பறவைக்கு அது ஒரே ஆள்தான், போகவே போகாத ஆள்.

இதன் உச்சம் இருவாச்சிக் கூடு. வால்பாறைப் பக்கம் போனவர்கள் அறிவீர்கள். பெரிய இருவாச்சியில் பெண் பறவை ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், எச்சத்தையும் மிச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே பறக்கும் சிறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. அதற்கும் பிறகு வரும் குஞ்சுக்கும் சோறு, வெளியே இருக்கும் ஆண் பறவை ஒன்றுதான். அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, பிளவுக்கு முன்னால் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். ஒரு நாளில் சில தடவைதான் வரும். மரத்தடியில் ஆட்கள் நின்றால் தூரத்து மரத்தில் உட்கார்ந்துகொள்ளும், வராது. ஏறத்தாழ நான்கு மாதம் நீளும் இந்த வளர்ப்பில் பெரும்பாலும் தேறுவது ஒரே ஒரு குஞ்சு. இப்படிப்பட்ட பொந்துள்ள பெருமரம் ஊருக்கு நூறு கிடையாது. அதே பொந்துக்கு ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வரும். ஒருமுறை லொக்கேஷன் வெளியானால் அந்த மரத்துக்கு ஆயுள் முழுக்க விலாசம் கிடைத்த மாதிரி.

அங்கே கூட்டைக் காட்டுகிற உள்ளூர்ப் பையனைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் நீட்டுகிற நோட்டு அவன் வீட்டில் அரிசி. அதே பணம் வேறு மாதிரி போகலாம். வாழச்சால் காடுகளில் காடர் மக்கள் பல ஆண்டுகளாக இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். அருணாசலத்தின் பக்கே பகுதியில், நகரத்துக்காரர்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் தர, நிஷி கிராமத்தார் அந்த மரத்தைக் காவல் காக்கும் திட்டம் 2011-லிருந்து நடக்கிறது. கூட்டைக் காட்டுவதற்குத் தருவதைக் கூட்டைக் காட்டாமல் இருப்பதற்குத் தரும் ஏற்பாடு. கோவை, பொள்ளாச்சிக் குழுக்கள் நினைத்தால் வால்பாறையில் இதை யோசிக்கலாம்.

கூடு என்றாலே ஓடிவிடுங்கள் என்று சொல்லவில்லை. வேடந்தாங்கல் கரையில் நின்று எடுங்கள், தாராளமாக. 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கிவைத்த இடம் அது. அங்கே கரைக்கும் மரங்களுக்கும் நடுவே தண்ணீர் இருக்கிறது. கரையில் ஆள் நடப்பது தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகள் பார்த்துப் பழகிய காட்சி. கரையை விட்டு இறங்கினால் கதை மாறிவிடும். கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியை உங்களில் பலர் சந்தித்திருப்பீர்கள். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியைச் சுற்றி உள்ளவர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளிடம் ஒரு பொட்டு வெடி கூட இல்லாமல் தீபாவளியைக் கழிக்கிற ஊரில் போய், ‘எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் நல்ல படம் வரும்’ என்று கைதட்டுகிற ஆளைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஏரியை மூடி மனை போடுகிறவனை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறீர்களே என்று கோபம் வரும். உண்மை. ஒரு சதுப்பு நிலம் போனால் போகும் கூடுகளுக்கு முன்னால் உங்கள் டிரைபாட் ஒரு பொருட்டே இல்லை. மனை போடுகிறவனுக்கு நான் மடல் எழுதினால் அவன் படிக்கமாட்டான், நீங்கள் படிப்பீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஆக, இந்தப் பருவத்துக்கு உங்களிடம் கேட்பது சில. கூட்டின் லொக்கேஷனை உயிர் நண்பருக்கும் அனுப்பாதீர்கள். தற்செயலாகக் கூட்டருகே வந்துவிட்டால், பறவை தலையைத் தூக்கிப் பார்க்கிற முதல் கணத்திலேயே பின்வாங்குங்கள், பறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அலகில் இரையோடு அது காத்திருந்தால் படம் எடுக்காமல் நகருங்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பதையும், கூட்டுக்கு மேலே ட்ரோன் விடுவதையும் பற்றித் தனியாகப் பேச ஒன்றுமில்லை, வேண்டாம். இனப்பெருக்கத் தகவல் அறிவியலுக்கு வேண்டாமா என்று கேட்பவர்கள் இ-பேர்டில் அதற்கான குறியீட்டைப் போட்டுவிட்டுக் குறிப்பு எழுதுங்கள். ‘பறவை இரை எடுத்துச் சென்றது’ என்ற ஒரு வரி ஆய்வாளருக்குப் போதும். படம் கேட்கமாட்டார்.

அப்போ நாங்க எதைத்தான் எடுக்கிறது என்றால், கூட்டுக்கு வெளியேதான் குடும்ப வேலையில் முக்கால்வாசி நடக்கிறது. தகைவிலான்கள் குட்டையோரத்தில் இறங்கிச் சேறு அள்ளுவதைப் படுத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். தேன்சிட்டு சிலந்தி வலையிலிருந்து நூலைச் சுருட்டி எடுப்பதை எடுங்கள். கூட்டை விட்டுவந்த இளம் பஞ்சுருட்டான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பிச்சை கேட்பதைக் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு எடுக்கலாம். காரைப் பறவைகள் பெரும்பாலும் ஆளாக மதிப்பதில்லை.

என்னைக் கேட்டால் தூக்கணாங்குருவியைச் சொல்வேன். சாலிம் அலி 1930-ல் பம்பாய்க்கு அருகே கிஹிமில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பார்த்துத்தான், ஓர் ஆண் பல கூடுகளைக் கட்டுவதையும், பாதி கட்டிய கூட்டைப் பெண் வந்து சோதித்துப் பிடித்த பிறகே மீதியைக் கட்டுவதையும் விரிவாக எழுதினார். நம் ஊரிலும் மழை இறங்கி வயல் பச்சை பிடிக்கும்போது, கிணற்று மேட்டுப் பனையிலோ ஈச்சமரத்திலோ கூட்டம் கூடிவிடும். மரத்தடிக்குப் போகவேண்டாம். அவை நார் எடுக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு கரும்புத் தோட்டம், ஒரு தென்னங்கன்று, ஒரு கோரைப்புல் திட்டு. மஞ்சள் தலைக்காரன் வந்து உட்காருவான். இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போடுவான். வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு அப்படியே பறப்பான். நார் ‘சர்’ரென்று கிழிந்து கூடவே வரும். கிழிந்து பிரிகிற அந்த நேரத்தில் உடம்பு வளைந்து, நீண்ட நார் காற்றில் வில்லாகும். அதற்கு நீங்கள் அங்கே இருப்பது ஒரு பொருட்டே இல்லை, அடுத்த நாருக்கு இரண்டு நிமிடத்தில் அதே இலைக்கு வந்துவிடும். ஷட்டரை 2000-க்கு மேல் வையுங்கள். காலை வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். காற்று அதிகமான நாளில் போகாதீர்கள், ஓலை ஆடினால் ஃபோகஸ் நிற்காது.

அன்புடன்,
கரையின் இந்தப் பக்கம் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவன்